வாசலில் நிற்கும் ஆள்

அடகுப் பொருளை வாங்கப் போகும் கடன் கொடுத்தவர், கடன் பட்டவரின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் தாமாக அதை எடுத்து வந்து கொடுக்க வேண்டும். விவிலியத்தின் உபாகமம் 24ஆம் அதிகாரம் இஸ்ரவேலருக்கு இட்ட கட்டளை இது. மாவரைக்கும் கல்லை அடகாக எடுக்காதே, ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. கடனைக் கேட்காதே என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. கேட்பவர் எங்கே நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. இன்று அந்த இடத்தில் கடன் கொடுத்தவர் வந்து நிற்பதில்லை. வழக்குப் போடுவதற்கு முன்பு வங்கியும் நிதி நிறுவனமும் கணக்கை வசூல் ஏஜென்சியிடம் ஒப்படைக்கின்றன. ஏஜென்சியின் ஆள் வருகிறார். கேட்கும் உரிமையை இப்படி இன்னொருவர் கையில் கொடுக்கலாம் என்கிறது சட்டம். அறம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். சமயங்கள் கடனை லேசாக எடுத்துக்கொண்டதில்லை. கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை நடத்த நபிகள் நாயகம் முன்வரவில்லை. தோழர் ஒருவர் அந்தக் கடனைத் தாம் ஏற்ற பிறகே நடத்தினார் என்கிறது ஹதீஸ். வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்றும் அவர் சொன்னதாகப் பதிவு உண்டு. தகப்பன் பட்ட கடனை மகன் அடைப்பது இந்து தர்மத்தில் புண்ணியக் கடமை. நீதிமன்றங்களே அதை அமல்படுத்தி வந்தன, 2005ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் புதிய கடன்களுக்கு அதை நீக்கும்வரை. ஆகவே ‘பாவம், விட்டுவிடுங்கள்’ என்பதல்ல என் வாதம். வாங்கியதைக் கொடுத்தே தீர வேண்டும்.

ஆனால் கடன் கொடுத்தவர் கையில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று கேட்பது. மற்றது தவணை தருவது, குறைத்துக்கொள்வது, முடியாதவருக்கு விட்டுக்கொடுப்பது. திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தின் 280ஆம் வசனம் இந்த இரண்டாவதைத்தான் கடமையாக்குகிறது: கடன் பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடு, தர்மமாக விட்டுவிட்டால் உனக்கு இன்னும் நல்லது. இந்த இரண்டும் ஒரே கையில் இருந்த காலமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் என்று அழைக்கப்பட்ட நம் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போடுவார். பணத்தைக் கொடுக்காமலோ பிணை சொல்லாமலோ அவர் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. பாக்கி வைத்த அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகர் குதிரையோடு வட்டத்துக்குள் நிறுத்தினாராம். பணம் கைக்கு வந்து சேரும்வரை அரசனும் நகரவில்லையாம். கடுமையான வழக்கம்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் அந்தக் கோட்டைப் போட்டவர் முகம் எதிரே இருந்தது. அவர் மனம் இரங்கினால் அந்த நிமிடமே காலால் அழித்துவிடலாம்.

ஏஜென்சியின் ஆளுக்கு அந்தக் கால் இல்லை. காலையில் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே நிற்கிறார். கையில் இருக்கும் செல்போனில் ஒரு பெயர், ஒரு தொகை, தவணை தவறி எத்தனை நாள் என்ற எண். 30 நாளா, 60 நாளா என்று பிரித்து அதை ‘பக்கெட்’ என்பார்கள் இந்தத் தொழிலில். 90 நாளைத் தாண்டினால் வங்கிக்கு அது வாராக்கடன். வசூலானால் கமிஷன் உண்டு. தவணை கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஒன்றுமில்லை. வீட்டுக்காரருக்கு வேலை போயிருக்கலாம், ஆபரேஷன் நடந்திருக்கலாம். இவர் காதில் விழும், மனதிலும் படும். ஆனால் அந்தச் செல்போனில் அதைப் பதிய இடம் இருந்தாலும், முடிவு எடுக்கும் இடம் இல்லை. கோபக்காரர் என்பதால்தான் குரல் உயர்கிறது என்று நான் நினைக்கவில்லை. உயர்த்துவதற்குக் குரலைத் தவிர வேறெதுவும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

வங்கி தனி மனிதர் அல்ல, அது கொடுத்தது டெபாசிட் போட்டவர்களின் பணம், இரக்கப்பட அதற்கு உரிமை ஏது என்று கேட்கலாம். இரக்கப்பட உரிமை இல்லாத அமைப்பு ‘ஒன் டைம் செட்டில்மென்ட்’ என்று ஒரு தொகையைக் குறைத்துக்கொள்வது எப்படி? அந்த அதிகாரம் இருக்கிறது. தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. தெருவுக்கு மட்டும் வருவதில்லை. கோர்ட்டுக்குப் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், இரண்டு பக்கமும் செலவு, அதற்கு முன்பே பேசி முடிப்பது நல்லதுதானே என்ற வாதம் இன்னும் வலுவானது. அதை நான் முழுதாக ஏற்கிறேன். வழக்காடப் போகும் வழியிலேயே எதிராளியோடு சமாதானமாகிவிடு என்று மலைப் பிரசங்கமும் சொல்கிறது. ஆனால் சமாதானம் பேச இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கக் கூடியவர்கள் வேண்டும். கேட்க மட்டுமே வந்தவரோடு பேசி முடிக்க என்ன இருக்கிறது?

முகம் பார்த்துக் கடன் கொடுத்த அந்தக் காலம் மட்டும் இனித்ததா என்ற கேள்விதான் எனக்குக் கடினமானது. இனிக்கவில்லை. மனு ஸ்மிருதி கடனை மீட்கச் சொல்லும் ஐந்து வழிகளில் தந்திரமும் பலவந்தமும் உண்டு. கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை விடுவிக்க 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வேண்டியிருந்தது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாடு 2003இல் தனிச் சட்டம் இயற்றியது. முகம் தெரிந்தவரும் கொடுமை செய்வார். அப்படியானால் நேரில் வருவது மட்டும் போதாது, வருபவருக்குக் கட்டுப்பாடும் வேண்டும், இரங்கும் அதிகாரமும் வேண்டும். கட்டுப்பாடு ஓரளவு வந்துவிட்டது. அடியாட்களை வைத்து வசூலிக்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2008இல் ரிசர்வ் வங்கி ஏஜென்ட்டுகளுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்றது 2022இன் சுற்றறிக்கை. உபாகமத்தின் வாசற்படியை ரிசர்வ் வங்கி கடிகார நேரமாக எழுதியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது பாதி இன்னும் வரவில்லை. அவகாசம் தரும் அதிகாரம் துளியாவது இல்லாத ஆளை வசூலுக்கு அனுப்புவது தவறு. அது கடன் கொடுத்தவர் தம் கடமையைக் கைகழுவுவது.

அது மாறும்வரை, உங்கள் வாசலுக்கு ஆள் வந்தால் பதுங்காதீர்கள். அவரிடம் இருக்க வேண்டிய அடையாள அட்டையையும் வங்கியின் அங்கீகாரக் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறகு, தவணை கொடுக்க அதிகாரமுள்ள அலுவலர் யார் என்று கேளுங்கள், அவருக்கு எழுத்தில் எழுதுங்கள். மக்கள் நீதிமன்றத்துக்கு வரத் தயார் என்றும் அதில் சேருங்கள். அங்கே கோர்ட் கட்டணம் இல்லை, அங்கே ஒப்புக்கொண்ட தீர்வுக்கு சிவில் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு.