நல்ல கைக்குப் போகணும்

காரை விற்கப்போகிறேன் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "நல்ல கைக்குப் போகணும்." பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் பேசுகிற பேச்சு இது. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தைக்குள் இருப்பது அன்பா, பிடிவாதமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். அதிலிருந்து மீளவே முடியவில்லை. கொடுத்த பிறகும் அந்தப் பொருள் எப்படி வாழ வேண்டும் என்பதை நானே தீர்மானிப்பேன் என்றால், நான் எதைத்தான் கொடுத்தேன்?

என்னுடையது சான் ஸ்டார்ம். இந்தியாவிலேயே தயாரித்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், ஃபைபர் உடம்பு, 1149 சிசி ரெனோ இன்ஜின், கழற்றி வைக்கக்கூடிய கூரை. இன்று அந்தக் கார் தயாரிப்பிலேயே இல்லை. 2005-ல் வாங்கினேன். வடபழனி டப்பிங் தியேட்டர்களில் காலையில் நுழைந்தால் இரவுதான் வெளியே வருவேன், அப்படி ஒரு காலம். நாயகிக்குக் குரல் கொடுத்தவள் இல்லை நான். அண்ணி, பக்கத்து வீட்டுக்காரி, கூட்டத்தில் அழுகிற பெண், இவர்களுக்குக் கொடுத்த குரலில் சேர்த்த பணம் அது. ராத்திரி கடைசி ரீல் முடிந்து, தொண்டை கட்டி, ஆற்காடு ரோட்டில் கூரையைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வரும்போது, அன்றைக்கு முழுவதும் யார் யாருக்கோ கொடுத்த குரல் எனக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

பூஜை வடபழனி முருகன் கோயில் வாசலில்தான். இந்தப் பக்கத்தில் யார் வண்டி வாங்கினாலும் அங்கேதான் முதலில் போகும். சாவியைச் சுவாமி பாதத்தில் வைத்து எடுத்து வந்தார்கள். பானெட்டில் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். கார் தரையோடு தரையாக இருந்ததால் குருக்கள் முழங்கால் போட்டுக் குனிந்து, ஒவ்வொரு பழத்தையும் விரலால் தள்ளித் தள்ளிச் சக்கரத்துக்கு அடியில் சரியாக நிறுத்தினார். பிறகு சாவியை என் கையில் கொடுத்தார். அந்தச் சடங்குக்கு என்ன பொருள் என்று அப்போது நான் கேட்கவில்லை. விபத்து வராமல் காக்கச் சொல்லிக் கேட்பது என்றுதான் எல்லாரையும் போல நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. சாவியை முதலில் அவன் காலடியில் வைக்கிறோம். பிறகு அங்கிருந்து வாங்கிக்கொள்கிறோம். அதாவது கார் அவனுடையது, ஓட்டுவது நான். சைவ சித்தாந்தம் 'நான்', 'எனது' என்ற இரண்டையும் ஆணவத்தின் இரண்டு முகங்களாகச் சொல்கிறது. வாங்கிய நாளிலேயே 'எனது' என்பதைக் கழற்றி வைக்க ஒரு வாய்ப்பு தரப்படுகிறது. நாம்தான் அதை மறந்து, விற்கும் நாளில் திணறுகிறோம்.

விற்க வேண்டிய காரணம் எளியது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை; அந்தத் தாழ்வான சீட்டிலிருந்து எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. பதிவைப் புதுப்பிக்கும் நேரமும் வந்துவிட்டது. 20 வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக ஏறியது.

விலைதான் சிக்கல். இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பை ஐ.டி.வி. என்பார்கள், அதைக் கணக்கிட ஒரு அட்டவணை உண்டு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, ஒரு வருடத்துக்குள் 15, இரண்டாம் வருடத்தில் 20, அப்படியே 30, 40, ஐந்தாம் வருடத்தில் 50. அதோடு அட்டவணை முடிந்துவிடும். அதற்குப் பிறகு மதிப்பு என்பது கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்கொள்வதுதான். அட்டவணையே ஐந்து வருடத்தில் கையை விரித்து, "இனி இந்தப் பொருளின் விலை நீங்கள் இருவரும் ஒப்புக்கொள்வது" என்று சொல்லிவிடுகிறது. எத்தனையோ தத்துவப் புத்தகங்களை விட இந்த அட்டவணை எனக்கு அதிகம் கற்றுத்தந்தது.

பழைய கார் வியாபாரி ஒருவர் ஒரு லட்சம் என்றார்: "ஸ்பேர் கிடைக்காது மேடம், வாங்கி வெச்சு நான் என்ன பண்றது?" என் மெக்கானிக், "அக்கா, ரெண்டரைக்குக் குறைஞ்சு விடாதீங்க" என்றான். பழைய கார்கள் சேர்க்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் போனில் ஐந்து லட்சம் சொன்னார். என் மனதுக்குள் ஆறு இருந்தது. அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். இரும்பிலிருந்து வரவில்லை, அபூர்வத்திலிருந்தும் வரவில்லை. கடைசி ரீல் முடிந்த ராத்திரிகளிலிருந்து வந்தது. அதற்கு இன்னொருவர் ஏன் பணம் தர வேண்டும்?

குருவாயூரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் மஹிந்திரா நிறுவனம் ஒரு தார் ஜீப்பைக் குருவாயூரப்பனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. அதே மாதம் தேவஸ்வம் அதை ஏலம் விட்டது. 15 லட்சத்து 10 ஆயிரத்துக்கு ஒருவர் எடுத்தார். ஏலத்தில் கேட்டதே அவர் ஒருவர்தான். எதிர்ப்பு கிளம்பி, விஷயம் ஐகோர்ட் வரை போய், 2022 ஜூனில் மறு ஏலம் நடந்தது. அதே வண்டி 43 லட்சத்துக்குப் போனது. இடையில் அந்த வண்டிக்கு ஒரு நட்டு கூடப் புதிதாகப் போடவில்லை. கூடியது எல்லாம் வாங்குகிறவர்களின் மனதில்தான்.

அங்கே அதிக விலை கேட்டது சரி என்பேன். பொருள் சுவாமியுடையது, அறங்காவலர்களுக்குத் தாராளம் காட்ட உரிமை இல்லை. பிறர் பொருளைத் தன் பொருளைப் போலப் பேணி வாணிகம் செய்வதே வணிகருக்கு அழகு என்று வள்ளுவர் 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் கடைசியில் சொல்வதும் இதையே. அப்படியானால் சாவியை முருகன் காலடியிலிருந்து வாங்கிய நானும் ஒருவகை அறங்காவலர்தானே? ஐந்து லட்சம் தருகிறவரிடம் ஐந்து வாங்கலாம். அபூர்வப் பொருளுக்கு அவர் மனம் ஒப்பித் தருகிற விலை அது. ஆனால் என் ராத்திரிகளுக்காக ஆறாவது லட்சம் கேட்கக் கூடாது. அதே குறள் இன்னொன்றையும் என்னிடம் கேட்டது: வாங்குகிறவர் நானாக இருந்தால் எனக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

கோயம்புத்தூர்க்காரர் நேரில் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். இடது முன்பக்கம் ஒருமுறை இடிபட்டு ஃபைபரை ஒட்டியிருக்கிறோம்; பெயின்டுக்கு மேலே தெரியாது, உள்ளே கையை விட்டுத் தடவினால் மேடு தெரியும். அவர் கையைப் பிடித்து வைத்தே காட்டினேன். ஸ்பீடோமீட்டர் நடுவில் மாற்றியது. அதில் காட்டுகிற கிலோமீட்டர் உண்மைக் கணக்கில்லை. கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் இறங்கும். ரேடியேட்டர் வேறு வண்டியுடையது, பொருத்தியது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாலுங்க" என்றார். சரி என்றேன். உண்மைக்கு ஒரு லட்சம் விலை. வாழ்க்கையில் அதைவிட நிம்மதியாக நான் எந்தப் பணத்தையும் இழந்ததில்லை.

அன்று குறைகளைப் பட்டியல் போடும்போதுதான் அரசன் மிலிந்தனும் பௌத்தத் துறவி நாகசேனரும் நினைவுக்கு வந்தார்கள். தேரில் வந்தேன் என்ற அரசனிடம் துறவி கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவுமில்லை, எல்லாம் சேர்ந்த இடத்துக்கு நாம் வைக்கும் பெயர்தான் தேர். என் காரிலும் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் வாங்கிப் போட்டவை எத்தனையோ. ஆர்.டி.ஓ.வைக் கேட்டால் சேஸிஸ் நம்பர்தான் கார் என்பார்கள். நான் நேசித்தது எந்த நம்பரை? பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் துறவு போகுமுன் சொத்தைப் பிரிக்க வரும்போது மைத்ரேயிக்குச் சொல்வது இதற்கு விடை: எந்தப் பொருளும் அந்தப் பொருளுக்காகப் பிரியமாவதில்லை, ஆத்மாவுக்காகவே பிரியமாகிறது. டெண்டுல்கர் பிராட்மனின் 29 சதங்களை எட்டியதற்கு 2002-ல் மைக்கேல் ஷூமாக்கர் கையால் கிடைத்த ஃபெராரி 2011-ல் சூரத்துக்கு விற்கப்பட்டது. கார் போயிற்று, 29 சதங்களில் ஒன்றுகூட அதோடு போகவில்லை. என் ராத்திரிகளும் அப்படியே. அவற்றை விற்கவும் முடியாது, விலையில் சேர்க்கவும் கூடாது.

இதையெல்லாம் யோசித்து முடித்த பிறகும் கடைசியில் ஒன்று குத்தியது. பணத்தை எண்ணிக்கொண்டே அவர் சொன்னார்: "இதை ஓட்டப்போறதில்லீங்க. ஷெட்ல நிறுத்தி வைப்பேன். இந்தச் சிவப்பு வேண்டாம், மஞ்சள் அடிக்கப்போறேன்." ஓடப் பிறந்த வண்டி அது. ஓட்டுகிற பையன் யாராவது கிடைத்தால் இரண்டரைக்கே கொடுத்துவிடலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. அதுதான் "நல்ல கை". அதைத் தேடிக் கொடுத்திருந்தால் ஊரார் என்னைத் தாராள மனசுக்காரி என்றிருப்பார்கள். உண்மையில் அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுத்து, காரின் மீதி வாழ்வை நான் வாங்கியிருப்பேன். பற்று அதிக விலையில் மட்டுமா ஒளிந்துகொள்கிறது? குறைந்த விலையிலும் ஒளிந்துகொள்ளும். மஞ்சள் நன்றாக இருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. படிவம் 29-ல் கையெழுத்துப் போட்டேன், 30-ல் போட்டேன்.

அதன் பிறகு நிதானமாக ஒன்று செய்தேன். விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கை மாறினாலும், பணம் வாங்கினாலும், ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவிலுள்ள பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மனதால் விட்டுவிட்டேன் என்பதைச் சட்டம் ஏற்காது; வினைக் கொள்கையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். உறவைத் துண்டிப்பதற்கும் ஒரு முறை உண்டு, அதையும் நாமே நடந்து முடிக்க வேண்டும். கே.கே. நகர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நானே போனேன். பெயர் மாறியதை ஆன்லைனில் பார்த்த பிறகு, மாற்றுச் சாவியையும் வண்டியோடு வந்த பழைய கையேட்டையும் கோயம்புத்தூருக்குக் கூரியரில் அனுப்பினேன். கையேட்டின் ஓரங்களில் எந்தக் குழாய்க்கு எந்த வண்டியின் குழாய் பொருந்தும் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தேன். அவருக்கு அது உதவும்.