தீர்ப்பு இறைவனுடையது

1865-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4-ஆம் நாள். வாஷிங்டன் நகரில் காலை மழை பெய்து வீதிகளெல்லாம் சேறாகிக் கிடந்தன. ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறையாக அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்கும் நாள் அது. நான்கு ஆண்டுகளாக நாட்டை இரு கூறாக்கியிருந்த உள்நாட்டுப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்ற போர் அது. வட மாநிலங்கள் வெல்லப் போகின்றன என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெற்றி பெறுகின்றவர் தோல்வியுறுகின்றவரைக் குறித்து என்ன சொல்லப் போகிறார் என்று கேட்கப் பெருங்கூட்டம் சேற்றில் நின்றது.

முதலில் செனட் மண்டபத்தினுள் துணை ஜனாதிபதியின் பதவியேற்பு நடந்தது. ஆண்ட்ரூ ஜான்சன் அப்போதுதான் டைஃபாய்டு காய்ச்சலிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். உடல் தளர்ச்சி நீங்குமென்று விஸ்கி அருந்திவிட்டு வந்தவர், நிலை தடுமாறிப் பொருளற்ற நீண்ட பேச்சொன்றைப் பேசினார். அமைச்சர்கள் கூசிப்போயினர். லிங்கன் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார். பின்னர்ப் பத்திரிகைகள் ஜான்சனைத் தூற்றின. நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற ஹியூ மெக்கலக், இதுபற்றித் தமக்குள்ள கவலையை லிங்கனிடம் தெரிவித்தார். ஜான்சனைத் தாம் பல ஆண்டுகளாக அறிந்திருப்பதாகவும், அன்று அவர் சறுக்கியது உண்மையே என்றும், ஆயினும் அவர் குடிகாரர் அல்லர் என்றும் லிங்கன் பதிலளித்ததாக மெக்கலக் பிற்காலத்தில் எழுதினார். லிங்கன் பிழையை மறைக்கவுமில்லை. அந்தப் பிழையையே ஒருவரது பெயராக்கி அழைக்கவும் அவர் மனம் ஒப்பவில்லை.

மண்டபத்துச் சடங்கு முடிந்து அனைவரும் வெளியே மேடைக்கு வந்தனர். லிங்கன் எழுந்தபோது மேகம் விலகிக் கதிரவன் ஒளி விழுந்தது என்று அங்கிருந்தோர் குறித்திருக்கின்றனர். அவர் ஆற்றிய உரை ஏறத்தாழ எழுநூறு சொற்கள்தாம். அதன் நடுவில், மலைப்பொழிவில் இயேசுநாதர் அருளிய கட்டளை ஒன்றை அவர் எடுத்து வைத்தார்: பிறரைத் தீர்ப்பிடாதிருங்கள் என்பது அது.

மலைப்பொழிவைப் படித்தவர்களுக்கு அக்கட்டளையை அடுத்து வரும் உவமையும் நினைவிருக்கும். சகோதரன் கண்ணிலுள்ள துரும்பு தெரிகிறது. தன் கண்ணிலுள்ள உத்திரம் தெரியவில்லை. தச்சர் குடும்பத்தில் வளர்ந்தவர் சொன்ன உவமை அல்லவா! மரத்தூள் கண்ணில் விழுந்தால் எப்படி உறுத்தும் என்பதும், உத்திரம் எத்தனை பெரிது என்பதும் அவர் அறிந்தவை. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. துரும்பை எடுக்காதே என்று அவர் சொல்லவில்லை. முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு, பிறகு பார்வை தெளிந்து சகோதரனுக்கு உதவலாம் என்றே சொன்னார். இந்தப் பிற்பகுதியை மறந்துவிடுகின்றவர்கள், அநீதியைக் கண்டும் வாய் திறவாதிருப்பதே கிறிஸ்தவப் பணிவு என்று எண்ணிக்கொள்கின்றனர். முற்பகுதியை மறக்கின்றவர்களோ மேடைதோறும் நீதிபதிகளாகி விடுகின்றனர். பொது வாழ்வில் இவ்விரு வகையினரும் ஏராளம்.

லிங்கன் இயல்பாகவே இந்தப் பணிவோடு பிறந்தவர் அல்லர். இளமையில் அவரது நாக்கு கூர்மையானது; எழுதுகோல் அதனினும் கூர்மையானது. 1842-இல் இல்லினாய் மாநிலத்தின் கணக்கு அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்பவரைக் கேலி செய்து, கிராமத்துப் பெண் ஒருத்தி எழுதுவதுபோல் புனைபெயரில் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஊரே சிரித்தது. எழுதியவர் யாரென்று அறிந்த ஷீல்ட்ஸ் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அறைகூவினார். செப்டம்பர் 22 அன்று இருவரும் வாட்போருக்காக ஆற்றைக் கடந்து சென்றனர். நண்பர்கள் இடையில் புகுந்து சமாதானம் செய்ததால் இருவர் உயிரும் தப்பின. சிரிப்பூட்டுவதற்காக எழுதிய சில வரிகள் ஓர் உயிரைக் குடிக்கும் தூரத்துக்குப் போய்விட்டன. அந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவதைக்கூட லிங்கன் பிற்காலத்தில் விரும்பவில்லை. 1861-இல் அதே ஷீல்ட்ஸ் லிங்கனின் படையில் பிரிகேடியர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார்.

வியப்பு என்னவெனில், அந்த 1842-ஆம் ஆண்டிலேயே, பிப்ரவரி 22 அன்று, ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துப் பிரெஸ்பிட்டேரியன் ஆலயம் ஒன்றில் மதுவிலக்குச் சங்கத்தினர் முன் அவர் நேர்மாறான நெறியைப் போதித்திருந்தார். லிங்கன் மது அருந்துபவர் அல்லர். ஆயினும் குடிப்பவர்களை இழிந்தோர் என்று சபிப்பதால் ஒருவரும் திருந்துவதில்லை, அன்பான சொல்லே உள்ளத்துக்குள் நுழையும் என்றார். குடியில் வீழாதவர்கள் தப்பியது ஒழுக்கத்தில் மேம்பட்டவர்களாக இருந்ததால் அன்று, அந்த வேட்கை அவர்களிடம் இல்லாததால்தான் என்றும் சொன்னார். எல்லாம் வல்ல இறைவனே மனித வடிவேற்று இழிவான மரணத்துக்கு உட்பட்டார் என்று நம்புகின்றவர்கள், தவறிய சகோதரனோடு ஒரே வரிசையில் நிற்க ஏன் கூச வேண்டும் என்பது அவர் எழுப்பிய வினா. ஆலய வாசலில் நின்றிருந்த அவரது நண்பர் ஹெர்ண்டன், வெளியே வந்த சிலர் சினத்தோடு முணுமுணுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். பக்தர்களுக்குக் கோபம் வருவதும் இயல்புதான். குடிகாரர்களைத் திருத்துவதற்காகக் கூடிய கூட்டத்தில் திருத்தப்பட்டவர்கள் அவர்களாகிவிட்டனர்.

பிப்ரவரியில் இதைப் போதித்தவர் செப்டம்பரில் வாளேந்தி நின்றார். போதனைக்கும் போதித்தவருக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

தீர்ப்பிடப்படுவதன் வலியையும் அவர் அறிந்திருந்தார். 1846-இல் காங்கிரஸ் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் பீட்டர் கார்ட்ரைட் என்னும் மெதடிஸ்ட் போதகர். லிங்கன் மதத்தைப் பழிக்கும் நாத்திகர் என்ற பேச்சு தொகுதியெங்கும் பரவியது. ஜூலை 31 அன்று லிங்கன் ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். எந்தக் கிறிஸ்தவ சபையிலும் தாம் உறுப்பினர் அல்லர் என்பதை அதில் ஒப்புக்கொண்டார். வேதத்தின் உண்மையைத் தாம் மறுத்ததில்லை என்றும், மதத்தை வேண்டுமென்றே அவமதித்துப் பேசியதில்லை என்றும் எழுதினார். எதிராளியின் பக்தி எத்தகையது என்று எடைபோட அவர் முற்படவில்லை. தேர்தலில் வென்றார், இறுதிவரை எந்தச் சபையிலும் சேரவில்லை.

போர் அவரை வேதத்தின் பக்கம் ஆழமாகத் திருப்பியது. 1862 பிப்ரவரியில் பதினொரு வயது மகன் வில்லி வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலால் இறந்தான். நாள்தோறும் போர்க்களத்திலிருந்து மரணப் பட்டியல்கள் வந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று சிகாகோவிலிருந்து வந்த கிறிஸ்தவப் பிரமுகர்கள், அடிமைகளை விடுவிப்பதே இறைவனின் சித்தம் என்று அவரிடம் உறுதியாகச் சொன்னார்கள். தம் கடமையோடு இத்தனை நெருக்கமான ஒரு விஷயத்தில் இறைவன் பிறருக்குத் தம் சித்தத்தை வெளிப்படுத்துவார் என்றால், தமக்கும் நேராக வெளிப்படுத்தலாமே என்று லிங்கன் மெல்லிய நகையோடு கூறினார். ஒன்பது நாள் கழித்து அடிமை விடுதலைக்கான முன்னறிவிப்பை வெளியிட்டார். வந்தவர்கள் கேட்டதைத்தான் செய்தார். இறைவனின் சித்தத்தை முற்றிலும் அறிந்துவிட்டதாக அவர்கள் கொண்ட உறுதியைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

அவர் மறைவுக்குப் பிறகு, தேதியிடாத ஒரு காகிதம் அவர் கையெழுத்தில் கிடைத்தது. போரிடும் இரு தரப்பாரும் இறைவன் சித்தப்படியே நடப்பதாகச் சொல்கின்றனர். இரு தரப்பாரும் தவறாக இருக்கலாம், ஒரு தரப்பார் நிச்சயம் தவறு. இறைவனின் நோக்கம் இவ்விருவர் நோக்கத்திலிருந்தும் வேறானதாகவே இருக்கக்கூடும். யாருக்கும் காட்டுவதற்காக எழுதியதாகத் தோன்றாத இந்தச் சிந்தனைதான் பின்னர் பதவியேற்பு உரையாக மலர்ந்தது.

இடையில் ஒரு சோதனை வந்தது. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போரில் வடபடை வென்றும், தென்படைத் தளபதி லீ தம் படையோடு பொட்டோமாக் நதியைக் கடந்து தப்பிவிட்டார். அன்றே பிடித்திருந்தால் போர் முடிந்திருக்கும் என்று லிங்கன் துடித்தார். ஜூலை 14 அன்று தளபதி மீடுக்குக் கடுமையான மடல் ஒன்று எழுதினார். எழுதியபின் அதை உறையிலிட்டு, கையொப்பமும் இடவில்லை, அனுப்பவும் இல்லை என்று மேலே குறித்து வைத்துவிட்டார். இருபத்தோராண்டுகளுக்கு முன் பத்திரிகைக்குச் சென்ற கடிதத்தை நினைவில் கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

இவற்றைக் கேட்டு லிங்கனை மாசற்ற மகானாக்கிவிடுவது எளிது, அது உண்மையாகாது. 1858-இல் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் நடந்த தேர்தல் விவாதத்தில், கறுப்பினத்தவருக்கு வெள்ளையருடன் சமூக, அரசியல் சமத்துவம் அளிப்பதைத் தாம் ஆதரிக்கவில்லை என்று கூட்டத்தின் கைதட்டலுக்கு நடுவே சொன்னவர் அவர். 1862 டிசம்பரில் மின்னசோட்டாவில் டகோட்டா இனத்தவர் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது 303 பேருக்கு. வழக்குகளை ஆராய்ந்து பெரும்பாலோரைக் காத்தவர் லிங்கன்தான். ஆயினும் எஞ்சியவர்களைத் தூக்கிலிடும் ஆணையில் இருப்பது அவர் கையொப்பமே. ஆட்சியில் இருப்பவருக்குத் தீர்ப்பு வழங்காமல் ஒதுங்கும் வசதி இல்லை. கை கறைபடாமல் வாழ விரும்புகின்றவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

தம் கையில் கறை உண்டு என்று அறிந்த ஒருவர்தான் அன்று மேடையில் நின்றார். இரு தரப்பாரும் ஒரே வேதத்தை வாசிக்கின்றனர், ஒரே இறைவனை வேண்டுகின்றனர் என்று சொன்னார். அடுத்தவர் நெற்றி வியர்வையிலிருந்து தன் உணவைப் பிழிந்தெடுப்பதற்கு நீதியுள்ள இறைவனிடம் துணை கேட்கும் துணிவு எவருக்கேனும் எப்படி வரும் என்று வியந்தார். அடிமை முறை குற்றம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அதைச் சொன்ன மறுகணமே, தீர்ப்பிடாதிருப்போம் என்றார்.

பின்பு அக்குற்றத்துக்குப் பெயரிட்டார். தெற்கத்திய அடிமை முறை என்று சொல்லியிருந்தால் கூட்டம் ஆர்ப்பரித்திருக்கும். அவர் சொன்னது அமெரிக்க அடிமை முறை என்பது. அந்த ஒரு சொல்லில் கேட்டவர் அனைவரும் குற்றவாளிக் கூண்டுக்குள் வந்துவிட்டனர். தென்னாட்டில் அடிமைகள் பறித்த பருத்தியை நெய்தவை வட மாநிலங்களின் ஆலைகள். ஏற்றிச் சென்று பொருளீட்டியோர் வடநாட்டு வணிகர்கள். பருத்தியையும் சர்க்கரையையும் எல்லோரும் தயங்காமல் பயன்படுத்தி இலாபத்திலும் பங்கு பெற்றிருக்கையில், வடக்கைவிடத் தெற்கே அதிகப் பொறுப்பு என்று சொல்வது அத்தனை பாதுகாப்பான கூற்றன்று என 1862 டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியிலேயே அவர் எழுதியிருந்தார். இப்போது இந்தப் போரையே வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்து இறைவன் அளித்த தண்டனையாகக் கண்டார். இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் கூலியின்றி உழைத்தவர்களின் உழைப்பால் குவிந்த செல்வம் முழுவதும் அழியும்வரை போர் நீள வேண்டும் என்பது இறைவன் சித்தமானாலும், அவர் தீர்ப்பு நீதியானதே என்றார். எவர் மீதும் பகையின்றி, இறைவன் காட்டும் அளவுக்கு நியாயத்தில் உறுதியாக நின்று, போரில் வீழ்ந்தவனின் விதவையையும் அநாதைக் குழந்தையையும் பேணுவோம் என்று முடித்தார்.

கூட்டத்தில் ஃபிரெடரிக் டக்ளஸ் இருந்தார். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, விடுதலைக்காகப் போராடியவர். அன்று மாலை வெள்ளை மாளிகை வரவேற்புக்குச் சென்ற அவரைக் காவலர்கள் வாசலில் தடுத்தனர். செய்தி அறிந்து அவரை உள்ளே வரவழைத்த லிங்கன், எல்லோர் காதிலும் விழும்படி நண்பர் என்று அழைத்து, உரையைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டார். அது புனிதமானதொரு முயற்சி என்பது டக்ளஸ் கூறிய பதிலின் சாரம்.

கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத்தும் இருந்தான். ஏப்ரல் 14, பெரிய வெள்ளியன்று இரவு அவன் லிங்கனைச் சுட்டான். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு. வடநாட்டு ஆலயங்கள் பலவற்றில் தெற்கைத் தண்டிக்க வேண்டும் என்ற முழக்கம் எழுந்தது. பகைவரிடம் அவர் மிகுந்த இரக்கம் காட்டக்கூடும் என்பதாலேயே இறைவன் அவரை எடுத்துக்கொண்டார் என்றுகூடச் சில போதகர்கள் பேசினர். இறைவனின் சித்தம் தமக்குத் தெளிவாகத் தெரியும் என்பதில் அவர்களுக்குச் சற்றும் ஐயமில்லை.

சுடப்படுவதற்கு முப்பது நாட்களுக்கு முன், மார்ச் 15 அன்று, நியூயார்க் அரசியல்வாதி துர்லோ வீட் என்பவருக்கு லிங்கன் ஒரு சிறு கடிதம் எழுதினார். தம் உரை காலத்தால் நிலைக்கலாம், ஆனால் உடனே மக்களுக்குப் பிடிக்காது என்றார். தம் நோக்கத்துக்கும் இறைவனின் நோக்கத்துக்கும் வேற்றுமை இருந்தது என்று எடுத்துக்காட்டினால் எந்த மனிதனும் மகிழ்வதில்லை; ஆயினும் அது சொல்லப்பட வேண்டிய உண்மை. அதில் உள்ள தாழ்வு வேறெவரையும்விடத் தம்மீதே நேராக விழுவதால், தாம் அதைச் சொல்வதை மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியதாக அவர் எழுதியிருந்தார்.