சுகியாகி: கேட்பவரை எவ்வளவு நம்பலாம்?

1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசையில் ஒரு ஜப்பானியப் பாட்டு மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடியவர் க்யூ சகாமோட்டோ, வயது 21. பாட்டு முழுக்க ஜப்பானிய மொழியில். ஆனால் அமெரிக்காவில் அதன் பெயர் 'சுகியாகி'. அது மெலிசாகச் சீவிய மாட்டிறைச்சியை சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துச் சமைக்கிற ஒரு பதார்த்தம். பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

1961இல் ஜப்பானில் வெளியானபோது பாட்டின் பெயர் 'உஎ ஓ முய்தே அருகோ'. 'மேலே பார்த்தபடி நடப்போம்' என்று சொல்லலாம். கண்ணீர் கீழே சிந்திவிடக் கூடாதென்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு தனியே நடக்கிறவனின் பாட்டு. எழுதியவர் ரொகுசுகே எய், இசை ஹச்சிதாய் நகமுரா. எய், 1960இல் அமெரிக்க-ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த போராட்டங்களில் கலந்துகொண்டவர். அத்தனை பேர் தெருவில் இறங்கியும் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. அந்தச் சோர்விலிருந்து பிறந்த வரிகள் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்தன, ஒரு மாட்டிறைச்சிப் பதார்த்தத்தின் பெயரில்.

பெயரை மாற்றியது பிரிட்டனின் பை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் பெஞ்சமின். கென்னி பால் ஜாஸ் குழு இந்த மெட்டை வெறும் வாத்திய இசையாக வாசித்தபோது, அசல் பெயர் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் நுழையாது என்று, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு ஜப்பானியச் சொல்லை வைத்தார். அமெரிக்காவில் கேபிட்டல் நிறுவனமும் அதே பெயரைத் தொடர்ந்தது. அதே ஆண்டு சகாமோட்டோவின் பாட்டுகளைத் தொகுத்து ஓர் இசைத்தட்டும் போட்டார்கள்: 'சுகியாகி அண்ட் அதர் ஜாப்பனீஸ் ஹிட்ஸ்'. 'மூன் ரிவர்' பாட்டை ஜப்பானில் 'பீஃப் ஸ்டூ' என்று விற்பது மாதிரி இது என நியூஸ்வீக்கில் ஒருவர் கிண்டலடித்தார்.

சரி, இதுல என்ன தப்பு? பெயர் ஒரு லேபிள்தானே. மென்பொருளில் ஒரு மாறிக்கு என்ன பெயர் வைத்தாலும் உள்ளே இருக்கிற மதிப்பு மாறாது. சகாமோட்டோவின் குரலில் ஒரு இழைகூடக் குறையவில்லை. அவருக்குப் புகழ் கிடைத்தது, கேட்டவர்களுக்கு சந்தோஷம் கிடைத்தது. யாருக்கு நஷ்டம்?

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. எய் தன் வரிகளில் போராட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் தன் துக்கத்தை அதில் வைத்துக்கொள்ளலாம். பாட்டின் பூர்வீகத்தை எழுதியவரே மூடி வைத்திருக்கும்போது, விற்கிறவர் மறைத்தது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

வித்தியாசம் இருக்கிறது. எய் காரணத்தைச் சொல்லாமல் விட்டார். அது கேட்கிறவருக்காக அவர் காலியாக விட்ட இடம். பெஞ்சமின் அந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுக்கடைப் போர்டை மாட்டினார். சொல்லாமல் விடுவதும் வேறொன்றைச் சொல்வதும் ஒன்றல்ல. மாறியின் பெயரும் கணினிக்குத்தான் பொருட்டில்லை. அடுத்து அந்த நிரலைப் படிக்கப்போகும் மனிதருக்குப் பெயர்தான் முதல் விளக்கம்.

எம்பி3 கோப்பு எப்படிச் சிறிதாகிறது என்பதை இங்கே யோசிக்கலாம். மனிதக் காது கவனிக்காது என்று கணிக்கப்பட்ட ஒலிகளை அது தூக்கி எறிகிறது. அதாவது அதற்குள் கேட்பவரைப் பற்றிய ஒரு கணிப்பு இருக்கிறது. வெளிநாட்டவருக்காகத் தொகுக்கப்படும் ஒவ்வொரு ஆல்பமும் அப்படித்தான். எந்தப் பாட்டை எடுப்பது, எதை விடுவது, என்ன பெயர் வைப்பது என்ற ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் ஒரு கற்பனை மனிதர் உட்கார்ந்திருக்கிறார். 1963இன் கற்பனை மனிதருக்கு ஜப்பான் என்றால் ஒரு சாப்பாடு. அதற்கு மேல் அவரால் முடியாது.

நிஜ மனிதர்கள் என்ன செய்தார்கள்? புரியாத மொழியில் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார்கள், திரும்பத் திரும்பக் கேட்டார்கள், காசு கொடுத்து வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து 18 வருஷம்தான் ஆகியிருந்தது. பாட்டு நெடுக ஜப்பானிய மொழியைத் தாங்கிய காதுகளுக்கு நாலு ஜப்பானிய வார்த்தைகள் கொண்ட ஒரு தலைப்பு பாரமாக இருந்திருக்குமா? 'அந்தப் பெயர் இல்லையென்றால் உள்ளேயே வந்திருக்க மாட்டார்கள்' என்று சொல்லலாம். அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் அவர்களால் எவ்வளவு முடியும் என்பதற்கு அந்த மூன்று வாரங்கள் சாட்சி.

ஆகவே இந்தப் பெயர் மாற்றத்தில் முதலில் அவமதிக்கப்பட்டவர் கேட்பவர்தான் என்று நினைக்கிறேன். 'உங்களுக்கு இவ்வளவுதான் எட்டும்' என்று அவரைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த அவமதிப்பு, 'மற்றும் பிற ஜப்பானிய ஹிட்ஸ்' என்ற ஒட்டில் இருக்கிறது. சகாமோட்டோ என்ற தனி மனிதர் அங்கே ஒரு தேசத்தின் சாம்பிள் ஆகிவிடுகிறார்.

எல்லை கடக்கும்போது எதுவும் இழக்காமல் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பில் இழப்பு சகஜம், அதை மன்னிக்கலாம். இழந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஒன்றை வைத்து, அதுதான் இது என்று சொல்வது வேறு வகை. இழப்பை ஒப்புக்கொள்கிறவர் கேட்பவருக்கு ஒரு வேலை மிச்சம் வைக்கிறார்: போய்த் தேடு, விசாரி, கொஞ்சம் சிரமப்படு. பொய்ப்பெயர் வைக்கிறவர் தேட ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்துகிறார்.

இன்றைக்குச் செயலிகளில் தேடினால் இந்தப் பாட்டு பெரும்பாலும் 'சுகியாகி' என்றுதான் வருகிறது. பல இடங்களில் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அசல் பெயரும் இருக்கும். அந்த அடைப்புக்குறியைத் திறந்து பார்க்கிற ஒருவர் எங்கோ இருப்பார் என்று நம்பி யாரோ அதைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். 1963இலேயே வைத்திருக்க வேண்டிய நம்பிக்கை அது.