நொதி ஆக்கிய மணமும் காரணக் கொள்கையும்

பாமரோசாப் புல்லிலிருந்து காய்ச்சி வடிக்கப்படும் எண்ணெயின் பெரும்பகுதி ஜெரானியால் என்னும் ஆல்கஹால் ஆகும். ரோஜாவின் சாயல் கொண்ட இதனோடு வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலம் கூடி, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும்போது, ஜெரானைல் அசிட்டேட் பிறக்கிறது. அமிலமும் ஆல்கஹாலும் இவ்வாறு இணைந்து உண்டாகும் சேர்மங்களே எஸ்டர்கள். கனிகளின் மணத்தில் இவற்றின் பங்கு பெரிது. இச்சேர்க்கையைக் கந்தக அமிலமிட்டுச் சூடாக்கியும் நிகழ்த்தலாம், லைப்பேஸ் என்னும் நொதியைக் கொண்டு மிதமான வெப்பத்திலும் நிகழ்த்தலாம். கிடைக்கும் பொருள் ஒன்றே. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுச் சுவையூட்டிச் சட்டம், உயிர்மூலங்களிலிருந்து இயற்பியல், நொதி, நுண்ணுயிர் முறைகளால் பெறப்பட்டு, இயற்கையிலும் காணப்படும் பொருளையே இயற்கைச் சுவைப்பொருள் என ஏற்கிறது. பொருளில் வேறுபாடு இல்லாதபோது இயற்கைத்தன்மை எதில் தங்கியிருக்கிறது என்பது, வேதியியலால் மட்டும் தீராத வினா.

சைவ சித்தாந்தம் குடத்துக்கு மண்ணை முதற்காரணம் என்றும், தண்டையும் சக்கரத்தையும் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்த காரணம் என்றும் பகுக்கிறது. எஸ்டருக்கு ஜெரானியாலும் அசிட்டிக் அமிலமும் முதற்காரணம், நொதியோ கந்தக அமிலமோ துணைக்காரணம். சட்டம் இரண்டின்மீதும் நிபந்தனை விதிக்கிறது. முதற்காரணத்தின்மீது விதிக்கப்படுவதற்குப் பொருளிலேயே சான்று உண்டு: அண்மையில் வளர்ந்த தாவரத்தின் கார்பனில் கதிரியக்கக் கார்பன்-14 சிறிதளவு இருக்கும், பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த பெட்ரோலியத்தில் அது சிதைந்து தீர்ந்திருக்கும், ஆகவே அமிலம் நொதித்தலால் வந்ததா, பெட்ரோலியத்திலிருந்து வந்ததா என்பதை அளந்து அறியலாம். துணைக்காரணமோ அந்த அளவையில் எத்தடத்தையும் விடுவதில்லை.

நொதி உயிரிடமிருந்து வருவதால் அதன் செயலும் இயற்கையானது என்று வாதிடலாம். அவ்வாதம் பார்வைக்குத் தோன்றுமளவு வலிமை உடையதன்று. லைப்பேஸின் இயல்பான தொழில் நீரின் துணையோடு கொழுப்பைப் பிளப்பது. நீரை மிகக் குறைத்தால்தான் அது எதிர்த்திசையில் எஸ்டரைக் கட்டும். கணைய லைப்பேஸ் கரிமக் கரைப்பானில், 100 டிகிரி செல்சியஸிலும் இயங்குவதை ஜாக்ஸும் கிளிபனோவும் 1984இல் காட்டினர். அத்தகைய சூழல் எக்கணையத்திலும் இல்லை. தாவரமே எஸ்டர் செய்யும்போது லைப்பேஸை நாடாமல், அசைல் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற வேறொரு நொதியால், அசிட்டைல் கோ-ஏ என்ற சேர்மத்திலிருந்து அசிட்டைல் தொகுதியை ஆல்கஹாலுக்கு மாற்றுகிறது. ஆலைகள் விரும்பும் லைப்பேஸ் ஒன்றோ அண்டார்க்டிகாவில் கண்டெடுத்த ஈஸ்டினுடையது. அதன் மரபணுவைப் பூஞ்சையொன்றில் புகுத்தி உற்பத்தி செய்து, பிளாஸ்டிக் மணிகளில் பதித்து வைக்கிறார்கள். இயற்கைப் பொருள் தன் இயக்கத்தின் தொடக்கத்தைத் தனக்குள்ளேயே உடையது என்ற அரிஸ்டாட்டிலின் இலக்கணத்தை இந்த அமைப்புக்குப் பொருத்துவது கடினம்.

உயிருக்கென்று தனி ஆற்றல் ஒன்று உண்டு என்ற கொள்கை இச்சட்டத்தின் பின்னால் நிழலாக நிற்பதாகவே தோன்றுகிறது. 1828இல் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவை ஆக்கியதும், 1897இல் பூக்னர் உயிரணுக்கள் அற்ற ஈஸ்ட் சாற்றால் சர்க்கரையை நொதிக்கச் செய்ததும் அக்கொள்கையைத் தளர்த்தின. நொதியாயினும் கந்தக அமிலமாயினும், எந்த வினையூக்கியும் வினையின் விரைவை மாற்றுமே தவிர, அதன் சமநிலையை மாற்றாது.

மணத்தை நிலத்தின் சிறப்புக் குணமாகக் கொண்ட வைசேடிகம் என்னும் இந்தியத் தத்துவ நெறி, தீயின் சேர்க்கையால் அந்த மணம் மாறுவதையும் ஏற்றது. மாற்றம் அணுக்களில் நிகழ்கிறதா, முழுப்பொருளில் நிகழ்கிறதா என்பதில் நியாய நெறியினரான நையாயிகர் அதனோடு முரண்பட்டனரே ஒழிய, மாறிய மணம் நிலத்துக்கு அயலானது என்று இருவருமே கருதவில்லை. காரியம் காரணத்துள் நுண்ணிதாக முன்னரே உளது என்னும் சற்காரியவாதத்தின்படி, எஸ்டரை வெளிப்படுத்துவதில் கந்தக அமிலமும் நொதியும் ஒரே தரத்தவை.

இதனால் நொதி வழிக்குச் சிறப்பே இல்லை என்று ஆகிவிடாது. சூடான வலிய அமிலத்தில் ஜெரானியால் தன் கட்டமைப்பு மாறியும் வளையமாகியும் வேண்டாத துணைப்பொருள்களைத் தருகிறது. லைப்பேஸ் அத்தொல்லையைப் பெரிதும் தவிர்க்கிறது. அந்தத் தூய்மை, நொதியின் குழிவில் மூலக்கூறு பொருந்தும் வகையால் வருவது. மனிதர் வடிவமைத்த உலோக வினையூக்கி ஒன்று நாளை அதே தூய்மையோடு அதே பணியைச் செய்தாலும், கிடைக்கும் எஸ்டருக்குச் சட்டம் இயற்கை என்ற பெயரைத் தராது.