அவனுக்கு என்ன வித்தை வரும்?

நம் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் இரைச்சல் நமக்குப் பழகிப்போன ஒன்று. நம்மிடையே ஒரு பையனுக்கு மட்டும் அது இன்றுவரை பழகவில்லை. காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவான் என்பதற்காக, அவன் தாய் வேறு தெருவாகச் சுற்றிக்கொண்டு அவனைக் கோவிலுக்கு அழைத்து வருகிறாள். பூசையில் எழுந்தேற்ற மணி அடித்தபோது அவன் கூச்சலிட்டான் என்று, இரண்டாண்டுகளுக்கு முன் நானும் திரும்பி அவளை முறைத்தவன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

பையனுக்கு ஆட்டிசம். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது பிற்பாடு தொலைக்காட்சியில் பார்த்த ஒரு சினிமாவால். 2013-இல் வந்த ‘ஹரிதாஸ்’ அது. (1944-இல் தியாகராஜ பாகவதர் நடித்த படமன்று, பெயர் மட்டும் ஒன்று.) தாயில்லாப் பிள்ளை, காவல்துறையில் வேலை பார்க்கும் தகப்பன், அன்புள்ள ஓர் ஆசிரியை. பிள்ளையைக் கேலிப்பொருளாக்காமல் எடுத்திருந்தார் குமாரவேலன். நான் கண்ணீர் விட்டேன். ஓட்டத்தில் பிள்ளைக்குள்ள திறமையைத் தகப்பன் கண்டுகொண்டு, அவனைப் பந்தயத்துக்குப் பழக்குவதே கதையின் முக்கிய பாகம்.

அந்தக் கண்ணீர் காயுமுன், அடுத்த ஞாயிறு அந்தத் தாயிடம் போய், “உங்க பையனுக்கு என்ன வித்தை வரும்மா?” என்று கேட்டேன். நல்லெண்ணத்தோடுதான் கேட்டேன்.

அவள் சற்று யோசித்து, “நல்லாச் சாப்பிடுவான் ஐயா. சில ராத்திரி தூங்குவான்” என்றாள்.

என் கேள்வியிலிருந்த குற்றம் வீடு வந்து சேர்ந்த பிறகே உறைத்தது. ஈடாக ஏதேனும் காட்டினால்தான் பிள்ளையை ஏற்போம் என்பதல்லவா அதன் பொருள்? இந்தப் பேரத்தை உலகெங்கும் பரப்பியது 1988-இல் வந்த ‘ரெயின் மேன்’ என்ற அமெரிக்கப் படம். அதில் வரும் அண்ணன் கீழே சிதறிய பற்குச்சிகளைக் கண்ணால் பார்த்தே எண்ணிவிடுவான். சீட்டுக்கட்டை மனத்தில் வைத்துத் தம்பிக்குப் பணம் சம்பாதித்துக் கொடுப்பான். அக்கதைக்கு வித்தாயிருந்தவர் கிம் பீக் என்பவர். அவருக்கு இருந்தது ஆட்டிசமே அன்று என்பது பிற்கால மருத்துவர்களின் கருத்து. ஆயினும் ஆட்டிசம் என்றால் ஒளிந்திருக்கும் மேதை என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. உண்மையிலோ பெரும்பாலோருக்கு அவ்வித அபூர்வ வித்தை எதுவும் இல்லை.

சினிமாக்காரரை மட்டும் நோவதற்கில்லை. இரண்டரை மணி நேரத்தில் ஒரு முடிவு காட்டியாக வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு. அதே தட்டு, அதே பாதை, சட்டைப் பித்தான் போடக் கற்பதற்கு ஓராண்டு. இதைக் காட்டினால் கொட்டகையில் யார் உட்கார்ந்திருப்பார்? 2025-இல் வந்த ‘சிதாரே ஜமீன் பர்’ என்ற இந்திப் படத்தில், நம் தமிழரான ஆர்.எஸ். பிரசன்னா, இத்தகைய குறையுடைய பத்துப் பேரையே நடிக்க வைத்தார். அது மெச்சத்தக்கது. எனினும் அங்கும் ஒரு பந்தயம் வேண்டியிருந்தது!

பெற்றோர் சுமப்பதோ வேறு. 1943-இல் லியோ கானர் என்ற வைத்தியர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி இந்நிலைக்குப் பெயர் வழங்கச் செய்தார். அதன்பின் இருபது முப்பது வருஷங்கள், தாயின் அன்பு குளிர்ந்ததே காரணமென்று படித்தவர்களே பழி சுமத்தினார்கள். இது பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு என்று பின்னர் தெளிவாயிற்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இதை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. நம் தெருவிலோ, “யார் செய்த பாவமோ” என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் கேட்ட அதே கேள்வி. அதற்குச் சேசுநாதர் சொன்ன மறுமொழியைக் கோவிலில் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்து அப்படிப் பேசுகிறோம்.

அந்தத் தாயிடம் மறுபடி பேசியபோது, வித்தையைப் பற்றி நான் கேட்கவில்லை. என்ன வேண்டுமென்று கேட்டேன். கதவோரத்தில், தூணை ஒட்டிய இடம் கிடைத்தால் போதும் என்றாள். மணி அடிக்குமுன் அவனை வெளியே கூட்டிப்போக வசதியாம். அங்கிருந்து மேலே சுற்றும் மின்விசிறியும் அவனுக்குத் தெரியுமாம்.

இப்போது அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. போன ஞாயிறு அவர்கள் வரவில்லை. ஆலைத் தெருவழியே வரவேண்டியிருந்ததோ என்னவோ. இடம் காலியாகவே இருந்தது.