விளையாட்டும் விடுதலையும்: அறுகம்குடாப் பெண்களை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

மாத்தளை மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. தீவின் நடுவே மலைகளாற் சூழப்பட்ட இம்மண்ணிலிருந்து கடலைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் இங்கு வாழும் மலையகத் தமிழரின் வரலாறு கடலிலேதான் தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து தோணிகளில் ஏற்றப்பட்டு, மன்னார்க் கரையில் இறக்கப்பட்டு, காட்டு வழியே கால்நடையாக நடத்திச் செல்லப்பட்டோருக்கு மாத்தளையே மலைநாட்டின் வாசலாக அமைந்தது. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். கரையையே காணாது மாண்டோரும் உளர். 1864இல் ஆதிலட்சுமி என்னும் கப்பல் தொழிலாளரோடு மூழ்கியது. மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து தொடங்கப்பட்ட நடைபவனி தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளையில் நிறைவெய்தியதும் இக்காரணம் பற்றியே.

இவ்வரலாற்றிற் பெண்களின் நிலை தனித்து நோக்கத்தக்கது. கடல்வழிப் பிரிவிற் பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் கூறுகின்றது. அவ்விதி தலைமக்களை நோக்கிக் கூறப்பட்டது. கூலிக்கு ஆள் சேர்த்த கங்காணிக்கு அது பொருந்தவில்லை. கோப்பிப் பயிர்க் காலத்தில் வந்தோரிற் பெரும்பாலோர் ஆண்களேயாயினும், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை வந்தபின் பெண்களும் குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்தனர். அவர்கள் கடலைக் கண்டது வாழ்வில் ஒரே முறை. அதுவும் தோணியின் அடித்தட்டிலிருந்து, அச்சத்தோடு. அதன்பின் அவர்தம் மகளிருக்கும் பேத்தியருக்கும் கடல் ஒரு கதையாயிற்று. தமிழகத்தின் கரையோர ஊர்களில் மாசி மகம் தெய்வங்கள் கடலாடும் நாள். மாத்தளையிலோ அந்நாளை ஒட்டி முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்கள் வீதியில் ஓடுகின்றன.

இனி, தீவின் கிழக்குக் கரைக்கு வருவோம். பொத்துவிலை அடுத்த அறுகம்குடா, அலைச்சறுக்கு விளையாட்டுக்கு உலகெங்கும் பெயர் பெற்ற இடமாகும். தென்மேற்குப் பருவக் காலத்தில் தெற்கேயிருந்து வரும் அலைகள் அங்குள்ள கடல்முனையைச் சுற்றி வளைந்து, ஒரே சீராக வலப்புறம் நோக்கி உடைகின்றன. பல பத்தாண்டுகளாக வெளிநாட்டார் அங்கு வந்து விளையாடினர். அவர்களைப் பார்த்து உள்ளூர் இளைஞரும் பழகினர். உள்ளூர்ப் பெண்கள் மட்டும் கரையில் நின்றனர். ஷமாலி சஞ்சயா என்னும் பெண்ணின் தந்தையும் தமையனும் அலைச்சறுக்கில் வல்லவர்கள். எனினும் அவர் கடலில் இறங்குவது குடும்பத்தில் விரும்பப்படவில்லை. அயலிற் குடியேறிய அமெரிக்கப் பெண்ணொருவரின் துணையோடு 2011ஆம் ஆண்டளவில் அவர் பலகையேறக் கற்றுக்கொண்டார். 2018இல் அவரும் தோழியரும் சேர்ந்து அறுகம்குடாப் பெண்கள் அலைச்சறுக்குக் கழகத்தை அமைத்தனர். இலங்கையிற் பெண்களுக்கென அமைந்த முதலாவது அலைச்சறுக்குக் கழகம் அதுவே. அதன் அங்கத்தினருள் தாய்மாரும் உளர்.

இப்பெண்கள் தம் அனுபவத்தைப் பொதுவெளியிற் பகிர்ந்துகொண்டபோது திரும்பத் திரும்பக் கூறிய செய்தி ஒன்றுண்டு. கடலில் இருக்கும்வேளை வீட்டின் சுமை யாவும் அகன்றுவிடுகின்றது என்பதே அது. அவர்களுக்கு ஊரார் கூறிய எதிர்மொழிகளும் நமக்குப் பழக்கமானவையே: பெண்ணின் இடம் வீடு, வெயிலில் மேனி கறுத்துவிடும், சமைப்பது யார், பிள்ளையைப் பார்ப்பது யார்? இவற்றுள் நிறம் பற்றிய கவலையைப் புறந்தள்ளிவிடலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணின் மேனி வெயிலிற் கறுப்பது பற்றி இந்நாட்டில் எவரும் கவலை தெரிவித்ததாக இல்லை. ஆனால் மூன்றாவது கேள்வி இலேசானதன்று. பயன் கருதாத இன்பத்திற்கு ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டா? உண்டெனில், அது கடமைகளை முடித்த பின்னர் வழங்கப்படும் பரிசா, அன்றி அவள் மனிதப் பிறவி என்ற ஒன்றினாலேயே அவளுக்கு உரியதா?

பரிசு என்று கொண்டால் அப்பரிசு ஒருபோதும் வழங்கப்படாது. வீட்டு வேலைக்கு முடிவு என்பதே கிடையாது. ஆடவனின் வேலை மாலையில் முடிகின்றது; அவன் மைதானத்திற்கோ சந்திக்கோ செல்வதை எவரும் கடமை தவறியதாகக் கருதுவதில்லை. பெண்ணின் வேலை அடுத்த வேளைச் சோற்றோடு மீண்டும் தொடங்குகின்றது. ஓய்வே மனித வாழ்வின் உயர்ந்த நிலை என்று கண்ட அரிஸ்டோட்டில், அவ்வோய்வை அடிமைகளுக்கும் பெண்களுக்கும் உரியதாக்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஏதென்சு நகரத்தானின் ஓய்வு பிறர் உழைப்பின்மேல் நின்றது. 1795இல் ஷில்லர், மனித இயல்பில் ஒன்றோடொன்று முரணிநிற்கும் புலனுணர்வும் அறிவொழுங்கும் விளையாட்டிலே ஒன்றுபடுகின்றன என்று விளக்கினார். ஆயினும் அவர் கண்ட மனிதனும் சமையலறையை அறியாதவனே. விளையாட்டைப் பற்றிய தத்துவங்கள் பெரும்பாலும் பிறர் சமைத்த உணவை உண்டவர்களால் எழுதப்பட்டவை. இது குற்றச்சாட்டன்று, எனினும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

இவ்விளையாட்டு இயல்பிலேயே ஆண்மைக்குரியது என்ற எண்ணத்திற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. அலைச்சறுக்குச் செழித்து வளர்ந்த பழைய ஹவாய்த் தீவுகளில் ஆண்களும் பெண்களும், அரசகுல மகளிரும் கூடப் பலகையேறினர். 1820இன் பின்னர் அங்கு வந்த மிசனரிமாரின் காலத்திலேயே இவ்விளையாட்டு ஒழுக்கக்கேடாக நோக்கப்பட்டு மங்கியது. டோக்கியோ ஒலிம்பிக் விழாவில், 2021இல், அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்றபோது பெண்களுக்கான முதற் பொற்பதக்கத்தைப் பெற்ற கரிசா மூர் அத்தீவுகளின் பூர்வகுடி வழிவந்தவர். தமிழ் மரபை நோக்கினும், நெய்தல் நிலத்து மகளிர் தோழியரோடு அலையில் ஆடி, மணலிற் பாவை செய்து மகிழ்ந்த காட்சிகளைச் சங்கப் பாடல்களிற் காணலாம். சிலப்பதிகாரத்தில் மாதவி கடலாட்டைக் காண விரும்பியே கோவலனுடன் புகார்க் கரைக்குச் செல்கின்றாள். அங்கேதான் அவ்விருவரும் பிரிகின்றனர் என்பது வேறு செய்தி. அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்குரியன என்று வகுத்த அதே மரபிலே நீராட்டும் இருந்தது. பின்வந்தோர் முன்னதைப் போற்றிப் பின்னதை மறந்தனர்.

அவ்வச்சத்தின் விலை என்ன என்பது 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி வெளிப்பட்டது. ஆழிப்பேரலையில் இலங்கையில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொத்துவில், அறுகம்குடாப் பகுதிகளும் பேரழிவுக்குள்ளாயின. அழிவுக்குப் பின்னர் பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் இறந்தோருள் ஆண்களினும் பெண்களே மிகுதி எனக் காட்டின. பெண்கள் நீந்தப் பழகியிருக்கவில்லை, மரமேறப் பழகியிருக்கவில்லை, நீண்ட உடை காலைத் தடுத்தது, பிள்ளைகளைத் தேடி நின்றனர். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் கடலை அறியாதிருந்தனர். நாணம் என்று ஊர் போற்றிய பண்பு அன்று காலையில் எத்தனை பேரை நீரில் அமிழ்த்தியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வாதம் எளிதாகப் பிறக்கின்றது. அலைச்சறுக்கு உயிர் காக்கும், நீச்சல் கற்பிக்கும், தன்னம்பிக்கை தரும், உல்லாசப் பயணிகளுக்குக் கற்பித்தால் வருமானமும் வரும், ஆகவே பெண்கள் இதனைப் பயிலலாம் என்பது அவ்வாதம். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவ்வாதத்திலே ஒரு பொறி மறைந்திருக்கின்றது. ஆடவன் அலையேறும்போது அதன் பயன் யாதென எவரும் வினவுவதில்லை. பெண் ஏறும்போது மட்டும் அதற்கு ஒரு நியாயம் கற்பிக்க வேண்டியுள்ளது: அவள் நல்ல தாயாவாள், நன்றாக உழைப்பாள், பிள்ளைகளைக் காப்பாள் என்றெல்லாம். அவளது மகிழ்ச்சியும் பிறர்க்குப் பயன்படும்போதே அனுமதிக்கப்படுகின்றது. அவளை ஒரு கருவியாகக் கண்ட பழைய நோக்கு இங்கே புதிய உடையில் நிற்கின்றது. விளையாட்டின் பயனைச் சொல்லி விளையாட்டைக் காப்பாற்ற முனைவோர் அதனைக் கைவிட்டவராகின்றனர்.

அலைச்சறுக்கின் செயல்முறையை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். பலகையின்மேற் குப்புறப் படுத்து, கைகளால் நீரைத் தள்ளி, உடையும் அலைகளுக்கு அப்பாற் சென்று அமர்தல் வேண்டும். பின்னர் காத்திருத்தல். கடலிற் கழியும் நேரத்திற் பெரும்பகுதி இக்காத்திருப்பே. தகுந்த அலை அணுகும்போது கரையை நோக்கித் திரும்பி விரைவாகத் துடுப்பிட, அலை பலகையின் பின்புறத்தை உயர்த்தும். அக்கணத்தில் கைகளை ஊன்றி எழுந்து நிற்றல் வேண்டும். எழுந்து நிற்பது சில வினாடிகளே. அதன்பின் வீழ்ச்சி, மீண்டும் தொடக்கம். அங்கு எதுவும் விளைவதில்லை, எதுவும் சேர்வதில்லை. அலையை எவரும் வென்றதுமில்லை. அதன் போக்கை அறிந்து அதனோடு செல்வோரே நிற்கின்றனர். அவசியத்தை அறிதலே சுதந்திரம் என்ற தத்துவக் கருத்தை விளக்க இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் வீட்டிலும் தோட்டத்திலும் பெண் அறிந்திருக்கும் அவசியம் பிறரால் விதிக்கப்பட்டது. கடல் அவளுக்கு ஆணையிடுவதில்லை. சேற்றையும் விறகையும் கொழுந்துக் கூடையையும் சுமக்கப் பழகிய உடல் முதன்முறையாகத் தன்னை மட்டும் சுமக்கின்றது.

வர்க்க நோக்கில் எழும் மறுப்பையும் ஆராய்தல் வேண்டும். பசித்தவளிடம் விளையாட்டைப் பற்றிப் பேசுவது கேலியல்லவா? மாத்தளைத் தோட்டமொன்றில் அதிகாலையிற் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுவைத்து, பிரட்டுக்குச் சென்று, மாலைவரை கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அறுகம்குடா எவ்வாறு பொருளுடையதாகும்? 1,000 ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இலேயே சட்டவலுப் பெற்றது. அதற்குள் விலைவாசி வேறெங்கோ சென்றுவிட்டது. உல்லாசப் பயணத்தொழில் கரையோர மக்களின் நிலத்தை விலையேற்றி அவர்களை ஒதுக்குகின்றது என்பதும், விளையாட்டுப் பலகை ஒன்றின் விலை தோட்டத் தொழிலாளியின் பல மாத ஊதியத்தை விழுங்கும் என்பதும் மறுக்கத்தக்கனவல்ல.

இம்மறுப்பு நேர்மையானது. ஆயினும் அது முடிவாகக் கொண்டுசெல்லும் இடத்தை ஏற்க இயலாது. முதலில் ஊதியம், பின்னர் வீடு, அதன்பின் கல்வி, எல்லாம் கிடைத்த பின்னரே மகிழ்ச்சி என்ற வரிசையைத் துரைமாரும் விரும்புவர். தொழிலாளி உழைப்பிலே தன்னை இழக்கின்றான், உழைப்புக்கு வெளியிலேயே தான் தானாக இருப்பதாக உணர்கின்றான் என்று இளம் மார்க்சு எழுதினார். தோட்டப் பெண்ணுக்கு அவ்வாறான வெளியும் இல்லை. தோட்டம் முடியும் இடத்தில் லயத்து அடுப்பு தொடங்குகின்றது. ஊதியப் போராட்டம் நாளின் விலையைக் கேட்கின்றது. அந்நாளில் ஒரு மணித்தியாலமாவது அவளுக்கே உரியதாக வேண்டும் என்று கேட்பது அப்போராட்டத்திற்குப் பகையாகாது. தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல்களில் இதுவரை அதற்கு உரிய இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. பட்டியல்களை எழுதுவோர் பெரும்பாலும் ஆண்கள் என்பது ஒரு காரணமாகலாம்.

மாத்தளைப் பெண்கள் யாவரும் பலகையுடன் பொத்துவிலுக்குச் செல்ல வேண்டும் என்பது பொருளன்று. நீர் இங்கும் உண்டு. சுதுகங்கை மாத்தளையைக் கடந்து அம்பன் கங்கையிற் கலந்து, மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைக்கு அருகே கடலை அடைகின்றது. தோட்டங்களில் லயங்களுக்குக் கீழே பீலிகள் ஓடுகின்றன. கொழுந்து நிறுத்தபின் மாலையில் அங்கு சென்றால், சிறுமியர் பீலியடியில் நின்று நீரை வாரி இறைத்துக் கூச்சலிட்டு விளையாடுவதைக் காணலாம். தாய் இருமுறை கூப்பிட்டும் வராது நிற்பர். அதே சிறுமி சில ஆண்டுகளின் பின்னர் அதே பீலிக்கு வருகின்றாள். குடத்தை நிரப்புகின்றாள், துணி துவைக்கின்றாள், இருட்டுமுன் அவசரமாகக் குளித்துவிட்டுப் படியேறுகின்றாள். அவள் விளையாட்டை நிறுத்திய நாள் எது என்று அவளைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.