மிச்சம் பிடிக்கும் இடம்

ஊர் அடங்கிய பிறகு மெல்லிய சத்தத்தில் வீணை கேட்கிறேன். ரிசீவரில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஈகோ மோட் ஆனில் இருக்கிறது. அணைத்துப் பார்த்தாலும் என் காதுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஒரு வாட்கூடச் செலவாகாமல் ஸ்பீக்கர்கள் அறையை நிறைத்துவிடுகின்றன. அந்த நேரத்துச் சிக்கனத்தில் ஒரு குறையும் இல்லை.

தவில் வந்தால் நிலைமை மாறுகிறது. கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் விழும் அந்தக் கணம் கண்ணிமைப்பை விடச் சிறியது. அதன் உச்சம் சராசரி ஒலியை விட 20 டெசிபல் மேலே போகலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு சக்தி. சராசரியாக 1 வாட் போதும் என்றிருந்த ஆம்ப்ளிஃபயர், அந்த ஒரு அடிக்கு மட்டும் 100 வாட் தர வேண்டும்.

எங்கிருந்து தரும்? உள்ளே இருக்கும் பவர் சப்ளையின் வோல்டேஜுக்கு மேல் எந்த அலையும் எழ முடியாது. ஈகோ மோட் கை வைப்பது பெரும்பாலும் அந்த வோல்டேஜில்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 40 வோல்ட் உச்சம் வரை அலை எழுந்தால் 100 வாட். உச்சம் 20 வோல்ட்டாகக் குறைந்தால் கிடைப்பது 50 வாட் அல்ல, 25 வாட். வோல்டேஜ் பாதியானால் சக்தி கால்வாசியாகிவிடுகிறது.

அதற்கு மேல் எழ வேண்டிய அலை தலை சீவப்பட்ட இளநீர் போல் மொட்டையாகிறது. ஒலி குறைவதோடு இது நிற்பதில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. 200 ஹெர்ட்ஸ் அலையின் இரு முனைகளும் இப்படி வெட்டுப்பட்டால் 600, 1000 என்று, வாசித்தவர் வாசிக்காத ஒலிகள் பிறக்கின்றன. பிசிறடிக்கிறது என்கிறோமே, அது இதுதான். கலைஞரின் விரலில் இல்லாத பிசிறை அவர் மேல் ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஈகோவுக்கு ஆன், ஆட்டோ, ஆஃப் என மூன்று நிலைகள் உண்டு. ஆட்டோ, வால்யூம் எங்கே இருக்கிறது என்று பார்த்து மாறிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வால்யூம் அளவு அசையாமல் இருக்கும்போதே முணுமுணுப்பும் இடிமுழக்கமும் அடுத்தடுத்து வரலாம். பல ரிசீவர்களில் ஸ்பீக்கர் இம்பிடன்ஸை 4 ஓம் என்று மாற்றி வைத்தாலும் இதேபோல் வோல்டேஜ் குறையும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

சப்வூஃபரின் ஆட்டோ ஸ்டாண்ட்பை தனிக் கதை. அமைதியான காட்சியில் அது தூங்கிவிட்டால், விழிப்பதற்குள் முதல் அதிர்வு போய்விடும்.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. பிடிக்க வேண்டிய இடம் வேறு என்றுதான் நினைக்கிறேன். ரிசீவர் பாடுவது நாளில் ஓரிரு மணி நேரம், மீதிப் பொழுதெல்லாம் ஸ்டாண்ட்பை. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் சாதாரண ஸ்டாண்ட்பைக்கு 0.5 வாட் என வரம்பு வைத்திருக்கிறது. நெட்வொர்க் இணைப்பும் எச்டிஎம்ஐ பாஸ்-த்ரூவும் விழித்திருந்தால் செலவு அதை விடப் பல மடங்காகும்.

உரக்கக் கேட்கும்போதும் படம் பார்க்கும்போதும் ஈகோவை ஆஃப் செய்யுங்கள். தேவைப்படாத வீடுகளில் அந்த இரண்டு ஸ்டாண்ட்பை வசதிகளையும் இன்றே மெனுவில் அணைத்துவிடுங்கள்.